கதிரையில் விட்டு வந்த இன்சுலின் பை

என் தங்கையின் வருத்தத்தை, அவளுக்கு வந்த நோயைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். பயப்படவில்லை. இரக்கப்படவில்லை. பொறாமைப்பட்டேன். இதை என் உம்மாவையும் தங்கையையும் தவிர யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. என்னைப் போல ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் வாய் திறக்காமல் இருக்கலாம் என்பதால் இன்று எழுதுகிறேன். அல்லாஹ் எனக்குச் செய்த உதவியை மூடி மறைத்தால் அது நன்றிகெட்டதனம் என்பதாலும்தான்.

எங்கள் ஊர் பள்ளிவாசல்துறை. வாப்பாவுக்குக் கடல் தொழில். வீட்டில் நாங்கள் இரண்டே பெண்பிள்ளைகள். நான் நுஸ்ரா, மூத்தவள். ஹம்னா என்னைவிட ஆறு வயது இளையவள். எங்கள் பக்கம் மூத்த சகோதரியைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள். அவளுக்கு நான்தான் தாத்தா.

ஹம்னாவுக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு மாரிக் காலத்தில் அவள் தண்ணீர் தண்ணீர் என்று அலையத் தொடங்கினாள். பாடசாலைப் பாவாடை இடுப்பில் நிற்காமல் வழுக்கியது. வயிற்றில் பூச்சியாக இருக்கும் என்று மருந்து கொடுத்தோம். ஒரு காலையில் கண்ணைத் திறக்காமல் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"இது முதலாம் வகை சீனி வருத்தம். இனிப்புச் சாப்பிட்டதால வந்ததில்ல. உங்கட பிழையுமில்ல. உடம்பு இன்சுலின் செய்றத நிப்பாட்டிட்டுது. இனி நாங்கதான் வெளியால இருந்து குடுக்கணும். ஒவ்வொரு நாளும். ஒரு நாளும் விடேலாது" என்று டொக்டர் உம்மாவிடம் சொன்னார்.

நான் கதவோரம் நின்றேன். அவர் சொன்னது எதுவும் எனக்குள் இறங்கவில்லை. உம்மாவின் கை ஹம்னாவின் தலையில் இருந்தது. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கை பிறகு அவளை விட்டு எடுபடவே இல்லை. காலையில் விரலைக் குத்திச் சீனி பார்ப்பது, ஊசி போடுவது, சோற்றைக் கோப்பையால் அளந்து வைப்பது, பாடசாலைக்கு அவளோடு நடந்து போய் ரீச்சரிடம் குளுக்கோஸ் பக்கற்றைக் கொடுப்பது என்று உம்மாவின் நாள் முழுவதும் அவளுக்கே போனது. என் சோற்றை நானே போட்டுக்கொண்டேன். வீதியில் போனால் ஊர்ப் பெண்கள் நிறுத்திக் கேட்பார்கள்: "தங்கச்சிக்கு எப்பிடி மகள்?" எனக்கு எப்படி என்று கேட்க ஒருவர்கூட இல்லை.

பதினோராம் வகுப்பின் ஓ.எல். பரீட்சை முடிவு வந்த அன்று நான் ஓடிவந்தேன். எட்டுப் பாடத்தில் ஏ. உம்மா ஹம்னாவின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க மகள். எண் வரட்டும்."

எண் வந்தது. கூடுதலாக இருந்தது. அதன் பிறகு கிளினிக்குக்குப் போன் எடுப்பதும் தண்ணீர் கொடுப்பதுமாக வீடு பதறியது. என் முடிவைப் பற்றி உம்மா கேட்டது பின்னேரம்தான். அதுவும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

அந்தக் கிழமைக்குள் ஒரு நாள் நான் ஒரு வேலை செய்தேன். வீட்டில் யாரும் இல்லாத நேரம் ஹம்னாவின் சீனி பார்க்கும் மெஷினை எடுத்து என் விரலைக் குத்தினேன். எனக்கும் சீனி கூடியிருக்க வேண்டும் என்று பிஸ்மி சொல்லிக் குத்தினேன். சாதாரண எண் வந்தது. சுவரில் சாய்ந்து அழுதேன். மெஷினில் செருகும் பட்டிகளில் ஒன்று குறைந்திருப்பதைக் கண்டு உம்மா, "விளையாட்டுச் சாமானா இது?" என்று ஏசினார். ஏன் குத்தினாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஊசி போடப் பழகச் சொல்லி உம்மா எத்தனையோ தடவை கூப்பிட்டார். "எனக்கு ஒண்டு ஆகிட்டா யார் பாக்கிற? வாங்க மகள், இஞ்ச பாருங்க." நான் ஊசியைக் கண்டால் தலை சுற்றுகிறது என்றேன். அது பொய். அதைப் பழகிவிட்டால் நானும் அவளுக்கு வேலைக்காரி ஆகிவிடுவேன் என்று நினைத்தேன்.

நான் ஐந்து நேரமும் தொழுகிறவள். ஆனால் அந்த மூன்று வருடத்தில் தங்கைக்காக ஒரு துஆ கேட்டதில்லை. 'யா அல்லாஹ், உம்மா என்னை ஒருக்காவாவது பார்க்கட்டும்' என்பதுதான் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நான் கேட்டது.

எனக்குப் பதினேழு வயதில் எலுவன்குளத்தில் ஒரு கலியாணம் வந்தது. உம்மாவின் தங்கச்சி, எங்கள் சாச்சி, அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தார். அவருடைய மகளுக்குச் சனிக்கிழமை நிக்காஹ். வெள்ளிக்கிழமையே வரச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கிழமை வாப்பா வள்ளத்தில் கால் அடிபட்டுப் படுக்கையில் இருந்ததால் உம்மாவால் வர முடியவில்லை. எங்கள் இருவரையும் உறவினர் ஒருவரின் வான் வண்டியில் அனுப்ப முடிவெடுத்தார். ஹம்னாவைத் தான் இல்லாமல் அனுப்புவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

நான் புதிய உடுப்பு உடுத்திருந்தேன். கடும் பச்சை. வாசலில் நின்றேன். உம்மா ஹம்னாவுக்குக் காலை ஊசியைப் போட்டார். தலை வாரினார். என்ன சாப்பிட வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு இன்சுலின் போத்தல், ஊசிகள், மெஷின் எல்லாம் இருந்த நீலப் பையை என் கையில் தந்தார்.

"உங்கள நம்பித்தான் அனுப்புறன். அந்திக்கு அவ தானாப் போடுவா. நீங்க பக்கத்தில நிண்டாப் போதும்."

என் உடுப்பை அவர் பார்க்கவே இல்லை.

செருப்பு மாட்டுவதற்காகப் பையை வாசலில் உட்காரப் போட்டிருந்த கதிரையில் வைத்தேன். வான்காரர் ஹோர்ன் அடித்தார். உம்மா ஹம்னாவைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனார். நான் திரும்பினேன். பை கதிரையில் இருந்தது. நான் அதைக் கண்டேன். சகோதரிகளே, நான் அதைக் கண்டேன். மறந்து போனேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன், ஆனால் மறக்கவில்லை. 'அவட சாமான அவளே எடுக்கட்டும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நடந்தேன். ஏறுவதற்கு முன் உம்மாவே ஓடிப்போய் எடுத்துவருவார் என்றும் ஒரு நினைப்பு இருந்தது. அவர் எடுக்கவில்லை. நான் கொண்டுவருகிறேன் என்று நம்பியிருந்தார்.

வான் புத்தளம் தாண்டியபோது மழை பிடித்தது. அந்தப் பையை நினைத்தேன். ஆனாலும் வானைத் திருப்பச் சொல்ல வாய் வரவில்லை.

சாச்சி வீட்டில் ஒரே கலகலப்பு. மணப்பெண்ணை அலங்கரிக்க முந்தலிலிருந்து ஷிபானா என்ற பெண் வந்திருந்தாள். இருபத்துநாலு வயதிருக்கும். பெரிய பெட்டி நிறையச் சாமான். மணப்பெண்ணின் கையில் மருதாணி போட்டுக்கொண்டே எல்லோரையும் சிரிக்கவைத்தாள். எல்லாக் கண்களும் அவள் மேலேதான். எனக்கு அவள் மேலும் பொறாமை வந்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தாள். பெருமை பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஹம்னா என்னிடம் வந்தாள்.

"தாத்தா, பை எங்க?"

"விட்டுட்டு வந்திட்டன்."

அவள் முகம் வெளுத்தது. பதினொரு வயதுப் பிள்ளை. "உம்மாக்குச் சொல்லுவோம்" என்றாள்.

"வாணாம். சொன்னா என்னக் கொன்டுடுவா. ஒரு நாள்தானே. நீங்க இனிப்பத் தொடாதீங்க. சோறும் சாப்பிடாதீங்க. சரியாகிடும்."

"சாப்பிடாட்டியும் ஊசி வேணும் தாத்தா. சாப்பாட்டுக்கு மட்டும் இல்ல அது."

"சும்மா இரிங்க. எனக்குத் தெரியும்."

எனக்கு ஒன்றும் தெரியாது. சாப்பிடாமல் விட்டாலும் இன்சுலின் இல்லாவிட்டால் இரத்தம் நஞ்சாகிவிடும் என்பதை அந்தப் பிள்ளை அறிந்திருந்தது, நான் அறிந்திருக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் பேசாமல் போய்ப் படுத்தாள். அப்போது வீதி திறந்துதான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாராவது போய்ப் பையை எடுத்து வந்திருப்பார்கள்.

விடிய எழும்பியபோது குளம் நிரம்பி வான் பாய்ந்து, வீதியின் பள்ளமான இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர் ஓடுகிறது என்றார்கள். பஸ் இல்லை. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் அந்தப் பக்கத்தில் நிற்கிறார்களாம். ஹம்னா பாயில் சுருண்டு கிடந்தாள். குடித்த தண்ணீரும் தங்காமல் சத்தி எடுத்தாள். நெடுந்தூரம் ஓடியவளைப் போல ஆழமாக மூச்சு இழுத்தாள். அந்த மூச்சில் கனிந்து போன பழத்தின் மணம் அடித்தது. அவளுடைய எட்டு வயதில், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்தக் காலையிலும் அதே மணம்தான்.

உம்மாவுக்குப் போன் எடுத்தேன். "பைய விட்டுட்டு வந்திட்டன் உம்மா. நேத்து அந்தி ஊசியும் போடல" என்றேன்.

உம்மா ஏசவில்லை. "கிளினிக் மிஸ்ஸிட நம்பர் சொல்றன், எழுதுங்க. நான் பையோட வாறன்" என்றார்.

மிஸ்ஸி என்றால் எங்கள் பக்கம் தாதி. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரணும். தண்ணி கடக்க ஏலாதா? அப்ப கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி பருக்குங்க. அந்த ஊர்ல யாரிட்டயாவது இன்சுலின் இரிக்கா எண்டு தேடுங்க. கிடைச்சா போடாம எனக்கு எடுங்க. நான் டொக்டரிட்டக் கேட்டு அளவு சொல்றன்" என்றார்.

சாச்சியின் கணவர் சாச்சாவும் இன்னும் இருவரும் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். சீனிக் குளிசை விழுங்குகிறவர்கள் இருந்தார்கள். ஊசி போடுகிறவர் யாரும் இல்லை. ஒருவர் இருந்தாராம், அவரும் கிளினிக்குக்காக முதல் நாளே புத்தளம் போய்விட்டாராம்.

நான் நெல்மூட்டை அடுக்கியிருந்த பின்னறைக்குள் போனேன். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழூவைக்கூடச் சரியாகச் செய்தேனோ தெரியாது. நெற்றியைத் தரையில் வைத்தேன். மூன்று வருடமாகக் கேட்டுவந்த துஆ என் வாயில் வரவில்லை.

"யா அல்லாஹ், நான் கண்டுதான் விட்டுட்டு வந்தன். உனக்குத் தெரியும். உம்மா என்னப் பாக்க வேணாம். ஆருமே என்னப் பாக்க வேணாம். என்ட பாவத்துக்கு அவளப் புடிக்காத. எனக்கு என்ட தங்கச்சியத் தா."

வேறு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை. அதையே சொல்லிக்கொண்டு கிடந்தேன். எழும்பும்போது எனக்குள் ஒரே ஒரு எண்ணம் இருந்தது. ஆண்கள் ஊரெல்லாம் கேட்கிறார்கள், இந்த வீட்டுக்குள் யாரும் கேட்கவில்லையே.

நடு அறையில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சிலர் முதல் நாளே வந்து தங்கியிருந்தார்கள். வாய் திறக்கப் போன என் கையைச் சாச்சி பிடித்து இழுத்தார்.

"சத்தம் போடாதீங்க மகள். மாப்பிள வீட்டாக்கள் இரிக்காங்க. எங்கட குடும்பத்தில சீனி வருத்தம் எண்டு கதை கட்டிடுவாங்க."

சாச்சியைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருடைய மகளின் கலியாண நாள் அது. ஆனால் நான் கையை உதறினேன்.

"என்ட தங்கச்சிக்குச் சீனி வருத்தம். இன்சுலின் இல்லாம மூச்சு வாங்குது. ஆரிட்டயாவது இரிந்தா அல்லாஹ்வுக்காகத் தாங்க!"

மணப்பெண்ணின் பக்கத்தில் இருந்த ஷிபானா கையிலிருந்த பூச்சுத் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"என்னட்ட இரிக்கி."

"உங்களுக்கா?" என்று யாரோ ஒரு பெண் கேட்டாள்.

"ஓம். எனக்குத்தான். பதினாலு வயசில இருந்து போடுறன்."

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷிபானாவும் அதைக் கண்டாள். அவளுக்கும் அப்போது ஒரு கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அவள் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சிறிய ஃபிளாஸ்க்கை எடுத்தாள். முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு அவள் என்ன செய்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தன் மெஷினில் ஹம்னாவின் விரலைக் குத்திப் பார்த்தாள். எண் வரவில்லை. எண்ணால் காட்ட முடியாத அளவு கூடிவிட்டது என்றாள். உடனே மிஸ்ஸிக்குப் போன் எடுத்து, போத்தலில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினாள். மிஸ்ஸி டொக்டரிடம் கேட்டு அளவு சொன்னார். ஷிபானா புதிய ஊசி ஒன்றைப் பிரித்து அளவை எடுத்தாள். பிறகு அதை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்க."

"எனக்குத் தெரியாது."

"அதாலதான் சொல்றன். போற வழியில இன்னொருக்காப் போட வேண்டி வந்தா ஆர் போடுற?"

ஹம்னாவின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்தேன். ஊசியை அருகில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் கண்ணைத் திறந்து, குரலே இல்லாமல் சொன்னாள்: "பயப்பிடாதீங்க தாத்தா. நோவாது."

நான் போட்டேன். பத்து வரை எண்ணிவிட்டு எடுக்கச் சொன்னாள் ஷிபானா. எண்ணினேன். எடுத்தேன். அதன் பிறகுதான் அழுதேன்.

இதைக் கேளுங்கள். நான் நெற்றியை வைத்து ஸுஜூதில் விழுந்தது சனிக்கிழமை காலை. ஷிபானா அந்த வீட்டுக்குள் வந்தது வெள்ளிக்கிழமை. நான் கேட்பதற்கு முதல் நாளே ரப்பாகிய அல்லாஹ் உதவியை அந்த வீட்டின் நடு அறையில் கொண்டுவந்து வைத்திருந்தான். அவள் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு நான் அவளைச் சுற்றியே நடந்திருக்கிறேன்.

இன்னொரு மணித்தியாலத்தில் வாசலில் பெரும் சத்தம். மாப்பிள்ளை ஒரு ட்ரக்டர் பெட்டியில் நின்றுகொண்டு, தலைப்பாகையை நனையாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். வெள்ளத்தைக் கடக்க வேறு வழி கிடைக்கவில்லையாம். விடயத்தைக் கேட்டதும், "எங்கள எறக்கினது போதும், நிக்காஹ் பொறவு பாப்போம், மொதல்ல புள்ளைய ஏத்துங்க" என்று அவரே ட்ரக்டரைத் திருப்பச் சொன்னார். அதே பெட்டியில் ஹம்னாவை மடியில் வைத்துக்கொண்டு நானும் சாச்சாவும் ஷிபானாவும் ஏறினோம். மணப்பெண்ணின் ஒரு கண்ணுக்குத்தான் மை தீட்டி முடிந்திருந்தது. அப்படியே விட்டுவிட்டு ஷிபானா வந்தாள்.

தண்ணீருக்கு அந்தப் பக்கம் மிஸ்ஸி அனுப்பிய அம்புலன்ஸ் நின்றது. அதன் பக்கத்தில், முழங்கால் வரை நனைந்தபடி, நீலப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உம்மா நின்றார்.

ஹம்னா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சேலைன் ஏற்றினார்கள். மணிக்கு மணி இரத்தம் பார்த்தார்கள். இன்னும் சில மணித்தியாலம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர். இரண்டாம் நாள் அவள் எழும்பியிருந்து பாண் சாப்பிட்டாள். அன்று வார்டுக்கு வெளியே இருந்த வாங்கில் உட்கார்ந்து உம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கண்டுதான் விட்டு வந்தேன் என்பதையும், ஏன் என்பதையும், விரலைக் குத்திப் பார்த்ததையும்.

உம்மா எழும்பிப் போய்விட்டார். அன்றும் அடுத்த நாளும் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளைப் போல ஒரு தண்டனையை நான் அனுபவித்ததில்லை. அதற்கடுத்த நாள் வந்து பக்கத்தில் இருந்தார்.

"உங்களிட்டப் பையத் தந்தனே மகள். ஹம்னாவ நான் ஆரிட்டயும் ஒப்படைச்சதில்ல. என்ட உயிர உங்கட கையில தாறன் எண்டு நினைச்சுத்தான் தந்தன். அது உங்களுக்கு விளங்கல்லயா?"

எனக்கு விளங்கியிருக்கவில்லை. அவர் என் தலையில் கை வைத்தார். "நானும் உங்களப் பாக்காமத்தான் விட்டுட்டன். அல்லாஹ் என்னையும் மன்னிக்கட்டும்" என்றார்.

ஹம்னாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவள் சீக்கிரம் மன்னிக்கவில்லை. "உங்களுக்கு இது வந்திரிந்தா நான் மொத நாளே ஊசி பழகியிருப்பன்" என்றாள். அது இன்றைக்கும் எனக்குக் குத்தும். பல மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் அவளாகவே வந்து, என் கையில் ஊசியைத் தந்துவிட்டுச் சட்டையை உயர்த்தினாள். அதுதான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஷிபானாவின் கலியாணப் பேச்சு நின்றுபோனது. நான் அழுதுகொண்டு போன் எடுத்தேன். "மறைச்சுக் கட்டினா எத்தன நாளைக்குக் கதவச் சாத்திட்டு ஊசி போடுற? நல்லதுதான்" என்று சிரித்தாள். இரண்டு வருடம் கழித்து, எல்லாம் தெரிந்த ஒருவரைக் கலியாணம் முடித்தாள். போன வருடம் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது ஹம்னாவுக்குப் பதினாறு வயது. வருத்தம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. அவளுக்கு இன்றும் காலையும் அந்தியும் ஊசிதான். சீனி இறங்கினால் நடுங்குவாள், ஏறினால் எரிந்து விழுவாள். ஓதிப் பார்க்கிறேன், ஊசியை நிறுத்துங்கள் என்று சொன்னவர்களும் உண்டு. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். ஊசியைப் போட்டுக்கொண்டே துஆ கேளுங்கள். அந்த மருந்தும் அவன் தந்ததுதான்.

நான் முழுதாக மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். போன மாதம் ஹம்னாவின் பாடசாலைப் பரிசளிப்புக்கு உம்மா புதிய சேலை உடுத்திப் போனபோது, அந்தப் பழைய சூடு என் நெஞ்சில் ஒரு முறை ஏறி இறங்கியது. வித்தியாசம் என்னவென்றால், இப்போது அதை மறைத்து வைப்பதில்லை. தொழுகைப் பாயிலேயே பெயர் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். 'யா அல்லாஹ், இது பொறாமை. இன்றைக்கும் வந்திருக்கிறது. எடுத்துக்கொள்.' அவன் எடுத்துவிடுகிறான்.

கிளினிக் நாட்களில் ஹம்னாவோடு நான்தான் போகிறேன். புதிதாக வருத்தம் கண்ட பிள்ளைகளைத் தாய்மார் கூட்டிவருவார்கள். பெரும்பாலும் கூடவே இன்னொரு பிள்ளையும் வரும். எல்லோரும் நோயாளிப் பிள்ளையைச் சூழ்ந்துகொள்ள, அது தூணில் சாய்ந்து நிற்கும். நான் அதன் பக்கத்தில் போய் இருப்பேன். அதன் பெயரைக் கேட்பேன். என்ன வகுப்பு என்று கேட்பேன். பிறகு ஊசியையும் மெஷினையும் காட்டிக் கொடுப்பேன்.

தாய்மாரே, உங்கள் வீட்டில் சுகமாக இருக்கும் பிள்ளையையும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பிள்ளைகளே, உங்கள் நெஞ்சில் இருப்பது எவ்வளவு அசிங்கமானதாக இருந்தாலும் வெட்கப்படாமல் அவனிடம் கொண்டுபோங்கள். நான் அழகான துஆ எதுவும் கேட்கவில்லை. கண்டுதான் விட்டுட்டு வந்தன் என்றேன். அப்படிப்பட்ட என்னையே அவன் வெறுங்கையோடு திருப்பி அனுப்பவில்லை.